கிராஃபீனுக்கு ஸ்பின்-ஆர்பிட் பிணைப்பை ஊட்டுவது எப்படி? டங்ஸ்டன் டைசெலினைடு வழியாக ஒரு முழுமையான வழிகாட்டி

கிராஃபீனில், அதாவது ஒரே ஒரு அணு தடிமனுள்ள கார்பன் படலத்தில், எலக்ட்ரான் ஸ்பின் (எலக்ட்ரானைச் சின்னக் காந்தம் போல நடக்கவைக்கும் பண்பு) நெடுந்தூரம் கெடாமல் பயணம் போகும். போரான் நைட்ரைடுக்கு நடுவில் வைத்த நல்ல மாதிரிகளில் அறை வெப்பநிலையிலேயே ஸ்பின் ஆயுள் சில நானோ வினாடிகளைத் தாண்டுகிறது. ஆனால் அதே ஸ்பின்னை மின்புலத்தை மட்டும் வைத்துத் திருப்பப் பார்த்தால் ஒன்றும் நடக்காது. திருப்புவதற்கு வேண்டிய பிடி, அதாவது ஸ்பின்-ஆர்பிட் பிணைப்பு, கிராஃபீனில் இல்லாததற்குச் சமம். ஸ்பின் இத்தனை காலம் பிழைப்பதற்கும் அதுவே ஒரு காரணம்.

அந்தப் பிணைப்பை வெளியிலிருந்து ஊட்டுவதற்கு இன்று பெரும்பாலான ஆய்வகங்கள் பின்பற்றும் வழி, கனமான அணுக்கள் கொண்ட இன்னொரு இருபரிமாணப் படலத்தைக் கிராஃபீன் மேல் ஒட்டவைப்பது. ஒட்டுவது ஒரு வாரத்தில் பழகிவிடும். வந்து சேர்ந்த பிணைப்பு எந்த வகை என்று கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை. அதனால் இந்த வழிகாட்டியில் அளவீட்டுக்கும் கோணத்துக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். ஸ்காட்ச் டேப்பில் செதில் உரிப்பது, லித்தோகிராஃபி போன்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அவை ஏற்கெனவே உங்களுக்குக் கொஞ்சம் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் கணக்கு: எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு வேண்டும்

அணுக்கருவின் மின்புலத்தில் வேகமாக ஓடும் எலக்ட்ரானுக்கு அந்த மின்புலம் ஒரு காந்தப்புலமாகத் தெரியும். அதன் ஸ்பின் அந்தக் காந்தப்புலத்தோடு பிணைந்துகொள்வதுதான் ஸ்பின்-ஆர்பிட் பிணைப்பு. அணு எண் கூடக்கூட இது வெகு வேகமாக ஏறும். கார்பனின் அணு எண் 6, டங்ஸ்டனுக்கு 74. கிராஃபீன் கண்ணாடி போலத் தட்டையாக இருப்பதால், மின்சாரத்தைச் சுமக்கும் எலக்ட்ரான் நிலைகளில் இருக்கிற சொற்பப் பிணைப்பும் நேரடியாக எட்டிப் பார்ப்பதில்லை.

எண்ணாகப் பார்ப்போம். கிராஃபீனின் சொந்தப் பிணைப்பால் டிராக் புள்ளியில் (கடத்தல் பட்டையும் வேலன்ஸ் பட்டையும் தொட்டுக்கொள்ளும் ஆற்றலில்) திறக்கும் இடைவெளி கோட்பாட்டுக் கணக்கில் சுமார் 24 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட். 2019-இல் ஹாம்பர்க் குழு மின்தடை வழியாக எலக்ட்ரான் ஸ்பின் ஒத்ததிர்வை அளந்து 42 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட் என்று சொன்னது. வெப்பநிலையாக மாற்றினால் அது அரை கெல்வினை ஒட்டி நிற்கும். 2005-இல் சார்லஸ் கேன், யூஜீன் மேலே என்ற இரண்டு இயற்பியலாளர்கள் கிராஃபீனில் குவாண்டம் ஸ்பின் ஹால் நிலை (உள்ளே கடத்தாமல், விளிம்பில் மட்டும் எதிரெதிர் ஸ்பின்கள் எதிரெதிர்த் திசையில் ஓடும் நிலை) இருக்க வேண்டும் என்று கணித்தபோதும் இந்தச் சின்ன எண்தான் குறுக்கே நின்றது. கடைசியில் அந்த நிலை 2007-இல் வூர்ட்ஸ்பர்க்கில் பாதரச டெலுரைடு குவாண்டம் கிணறுகளில் கிடைத்தது, கிராஃபீனில் இல்லை.

நமக்கு வேண்டியது ஒரு மில்லி எலக்ட்ரான் வோல்ட் அளவு. அதாவது சுமார் 12 கெல்வின். அது கிடைத்தால் திரவ ஹீலியம் வெப்பநிலையில் தெளிவாகப் பார்க்கலாம். அதன் சில விளைவுகளை அறை வெப்பநிலையிலும் பார்க்கலாம்.

வேறு வழிகளும் உண்டு. கிராஃபீன் மேல் ஹைட்ரஜனை ஒட்டலாம். 2013-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகக் குழு அப்படிச் செய்து ஸ்பின் ஹால் விளைவை, அதாவது மின்னோட்டம் எதிரெதிர் ஸ்பின்களை எதிரெதிர் ஓரங்களுக்கு ஒதுக்குவதை, காட்டியது. இண்டியம், தாலியம் போன்ற கன அணுக்களைத் தூவலாம் என்றும் யோசனைகள் வந்தன. தங்கத்தை அடியில் செருகினால் 100 மில்லி எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு ராஷ்பா பிளவு (படி 2-இல் வரும் ஒரு வகைப் பிணைப்பின் விளைவு) வருகிறது. ஆனால் ஹைட்ரஜனும் தூவிய அணுக்களும் எலக்ட்ரானைச் சிதறடிக்கும், அடியில் உலோகம் இருந்தால் மின்சாரம் அதன் வழியே ஓடிவிடும். அடுக்குப் பொருளை ஒட்டும்போது இந்த இரண்டு தொல்லையும் இல்லை. கிராஃபீனின் அணிக்கோவையில் ஒரு வேதிப் பிணைப்புகூட உடைவதில்லை. மூன்றில் ஒரு பங்கு நானோமீட்டர் இடைவெளியைத் தாண்டி எலக்ட்ரான் அலை பக்கத்துப் படலத்துக்குள் கொஞ்சம் கசிகிறது, திரும்பும்போது அங்கிருக்கும் பிணைப்பில் ஒரு பங்கைக் கொண்டுவருகிறது.

படி 1: துணைப் படலத்தைத் தேர்ந்தெடுப்பது

இரண்டு நிபந்தனைகள். ஒன்று, அதில் கன அணு இருக்க வேண்டும். இரண்டு, கிராஃபீனின் டிராக் புள்ளி அந்தப் பொருளின் ஆற்றல் இடைவெளிக்குள், அதாவது எலக்ட்ரான் நிலைகளே இல்லாத பகுதிக்குள், விழ வேண்டும். இரண்டாவதை மறந்தால் மின்சாரம் துணைப் படலத்தில் ஓடும், நீங்கள் அளப்பது கிராஃபீனை அல்ல. பிஸ்மத் செலினைடு போன்ற டோபோலாஜிகல் இன்சுலேட்டர்கள் (உள்ளே கடத்தாமல் மேற்பரப்பில் மட்டும் கடத்த வேண்டிய பொருள்கள்) காகிதத்தில் கவர்ச்சியாகத் தெரிந்தாலும் தொடக்கத்தில் அவற்றைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். அவற்றின் உள்ளுடலே பெரும்பாலும் கடத்தும்.

மிஞ்சுவது மாலிப்டினம், டங்ஸ்டன் டைகால்கோஜெனைடுகள், அதாவது இந்த உலோகங்கள் கந்தகம் அல்லது செலினியத்தோடு சேர்ந்த அடுக்குச் சேர்மங்கள். ரீகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிமித்ரா, யாரோஸ்லாவ் ஃபாபியன் குழுவினர் 2015, 2016-இல் போட்ட கணக்குகளை இன்றும் எல்லோரும் அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். மாலிப்டினம் டைசல்ஃபைடு கொடுப்பது கால் மில்லி எலக்ட்ரான் வோல்ட் அளவுதான். டங்ஸ்டன் டைசல்ஃபைடும் டங்ஸ்டன் டைசெலினைடும் ஒரு மில்லி எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டுகின்றன. இந்தப் பொருள்களின் வேலன்ஸ் பட்டையில் இருக்கும் ஸ்பின் பிளவைப் பார்த்தாலே காரணம் புரியும்: மாலிப்டினம் டைசல்ஃபைடில் சுமார் 150 மில்லி எலக்ட்ரான் வோல்ட், டங்ஸ்டன் சேர்மங்களில் 400-க்கு மேல்.

டங்ஸ்டன் சேர்மங்கள் இரண்டில் நான் செலினைடைத்தான் சொல்வேன். சல்ஃபைடின் கடத்தல் பட்டையும் அதன் கந்தகக் காலியிடங்களும் டிராக் புள்ளிக்குப் பக்கத்தில் வந்துவிடுவதால், கேட் மின்னழுத்தத்தை (எலக்ட்ரான் அடர்த்தியை மாற்றும் மின்முனையின் மின்னழுத்தத்தை) எலக்ட்ரான் பக்கம் ஏற்றும்போது கிராஃபீனின் கடத்துதிறன் ஒரு கட்டத்தில் ஏறாமல் நின்றுவிடுகிறது. 2014-இல் வந்த முதல் பரிசோதனைகளிலேயே இது தெரிந்தது. செலினைடில் டிராக் புள்ளி இடைவெளிக்குள் பாதுகாப்பாக உட்கார்ந்திருக்கிறது. எலக்ட்ரான், துளை இரண்டு பக்கமும் வேலை செய்யலாம்.

ஒற்றைப் படலமா, பல படலமா? கிராஃபீனை ஒட்டியிருக்கும் முதல் படலம்தான் பெரும்பங்கு வேலையைச் செய்கிறது. அதனால் இரண்டு மூன்று படலச் செதில் கிடைத்தாலும் தூக்கி எறிய வேண்டாம். ஒற்றைப் படலத்தின் வசதி வேறு: அதன் திசையையும் தரத்தையும் ஒளியை வைத்தே சோதித்துவிடலாம். படிகம் வாங்கும்போது ஃபிளக்ஸ் முறையில் (உருகிய கரைப்பானுக்குள்) வளர்த்ததைக் கேளுங்கள். ஆவிக் கடத்தல் முறையில் வளர்த்தவற்றில் குறைபாடுகள் கூடுதல்.

படி 2: வருவது எந்த வகை என்று புரிந்துகொள்வது

கிராஃபீனுக்குள் வரும் பிணைப்பு ஒரே பொருள் அல்ல. மூன்று வகை கலந்து வரும்.

முதலாவது கேன்-மேலே வகை. குவாண்டம் ஸ்பின் ஹால் நிலைக்குத் தேவைப்பட்டது இதுதான், ஆனால் துணைப் படலத்திலிருந்து இது அநேகமாக வருவதே இல்லை.

இரண்டாவது பள்ளத்தாக்கு-ஸீமன் வகை. சிலர் இதை ஐசிங் வகை என்பார்கள். கிராஃபீனில் டிராக் கூம்புகள் இரண்டு இடங்களில் இருக்கின்றன. அவற்றைப் பள்ளத்தாக்குகள் என்கிறோம். ஒரு பள்ளத்தாக்கில் ஸ்பின்னுக்கு மேல்நோக்கிய காந்தப்புலம் இருப்பது போலவும், மற்றதில் அதே அளவு கீழ்நோக்கி இருப்பது போலவும் இது நடந்துகொள்ளும். கிராஃபீனின் இரண்டு துணை அணிக்கோவைகளும் அடியிலிருக்கும் படலத்தை வேறுவிதமாக உணர்வதால் பிறப்பது.

மூன்றாவது ராஷ்பா வகை. மேலும் கீழும் வேறு பொருள் இருப்பதால் கண்ணாடிச் சமச்சீர் உடைந்து வருவது. இதன் காந்தப்புலம் தளத்துக்குள்ளேயே, எலக்ட்ரான் ஓடும் திசைக்குச் செங்குத்தாக இருக்கும்.

டங்ஸ்டன் டைசெலினைடுக்குக் கோட்பாடு சொல்லும் எண்கள், இரண்டும் ஒரே திசையில் அடுக்கப்பட்டிருந்தால்: ஸீமன் வகை சுமார் 1.2 மில்லி எலக்ட்ரான் வோல்ட், ராஷ்பா 0.56. பரிசோதனைகளில் வந்த எண்கள் ஒரு மில்லியிலிருந்து பத்துக்கும் மேல்வரை பரவிக்கிடக்கின்றன. இந்தச் சிதறலுக்குப் பாதிக் காரணம் மாதிரிகள். மீதிக் காரணம், வேறு வேறு அளவீட்டு முறைகள் வேறு வேறு வகையை உணர்வது. ஒரு கட்டுரையில் 'பிணைப்பு இவ்வளவு' என்று ஒற்றை எண் இருந்தால், எந்த வகைக்கு என்று தேடிப் பாருங்கள்.

படி 3: கோணம்

பலரும் அவசரத்தில் தாண்டிப்போகும் படி இது. கிராஃபீனின் அணிக்கோவை மாறிலி 0.246 நானோமீட்டர், டங்ஸ்டன் டைசெலினைடுக்கு சுமார் 0.33. இரண்டும் பொருந்தவே பொருந்தாது. அதனால் கிராஃபீனின் பள்ளத்தாக்கு நிலைகள் துணைப் படலத்தின் எந்த நிலைகளோடு கலக்கும் என்பதை இரண்டுக்கும் இடையிலான திருகு கோணம் முடிவு செய்கிறது. 2019-இல் லீ, கோஷினோ ஆகியோரும், டேவிட், ராகிதா, கோர்மான்யோஸ், புர்கார்ட் ஆகியோரும் தனித்தனியாக இதைக் கணக்கிட்டார்கள். ஸீமன் வகை 0 டிகிரியில் ஓரளவு இருக்கிறது, 15 முதல் 20 டிகிரியை ஒட்டி உச்சத்துக்குப் போகிறது, 30 டிகிரியில் சமச்சீரின் கட்டாயத்தால் முழுக்கப் பூஜ்யமாகிறது. ராஷ்பா மட்டும் 30-லும் மிஞ்சும்.

இனி நடைமுறைக்கு வருவோம். செதிலின் நேரான விளிம்புகளைப் பார்த்துத் திசை கண்டுபிடிப்பதுதான் எல்லா ஆய்வகத்திலும் வழக்கம். ஆனால் உரித்த செதிலின் நேர் விளிம்பு ஜிக்ஜாக் ஆகவும் இருக்கலாம், ஆர்ம்சேர் ஆகவும் இருக்கலாம் (விளிம்பில் அணுக்கள் வரிசைப்படும் இரண்டு விதங்கள்). இரண்டுக்கும் நடுவே 30 டிகிரி வித்தியாசம். நுண்ணோக்கியில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆக, இரண்டு செதில்களின் விளிம்புகளையும் இணையாக வைத்து '0 டிகிரி' என்று நீங்கள் எழுதிக்கொண்டால், உண்மையில் அது 0 ஆகவும் இருக்கலாம், 30 ஆகவும் இருக்கலாம். ஸீமன் வகை இருக்கும் கோணமும் அறவே இல்லாத கோணமும் ஒரே குறிப்பில் ஒளிந்துகொள்கின்றன.

இதற்கு இரண்டு தீர்வுகள். உங்களிடம் பல்ஸ் லேசர் இருந்தால், ஒற்றைப் படல டங்ஸ்டன் டைசெலினைடில் இரண்டாம் ஹார்மோனிக் ஒளியை (லேசரின் இரு மடங்கு அதிர்வெண்ணில் திரும்பும் ஒளியை) முனைவுத் திசை மாற்றி மாற்றி அளங்கள். ஆறு இதழ்ப் பூ மாதிரி ஒரு வரைபடம் வரும். இதழ்கள் நீளும் திசைதான் ஆர்ம்சேர். கிராஃபீனில் இந்த வித்தை பலிக்காது. அதற்கு விளிம்பை ஒட்டி ராமன் அளவீடு (சிதறும் லேசர் ஒளியின் நிறமாலை) எடுத்து, சென்டிமீட்டருக்கு 1,350 அலை எண்ணை ஒட்டி வரும் டி உச்சத்தைப் பாருங்கள். ஆர்ம்சேர் விளிம்பில் அது வலுவாக இருக்கும், ஜிக்ஜாக்கில் மங்கும்.

லேசர் இல்லையென்றால் இன்னொரு வழி: விளிம்புகளுக்கு இடையே வேண்டுமென்றே 15 டிகிரி வையுங்கள். ஜிக்ஜாக்-ஆர்ம்சேர் குழப்பத்தில் உங்கள் ஊகம் தவறானாலும் கோணம் 45 ஆகும். கிராஃபீனின் அறுகோணச் சமச்சீரில் 45-உம் 15-உம் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். பிணைப்பின் அளவு மாறாது. அதோடு ஸீமன் வகை உச்சத்தை ஒட்டியும் இருக்கும். எந்த எண் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாத முதல் சாதனத்துக்கு இதைவிடப் பாதுகாப்பான தேர்வு கிடையாது.

படி 4: செதில்கள்

கிராஃபீனுக்கு 285 அல்லது 290 நானோமீட்டர் ஆக்சைடு உள்ள சிலிக்கன். ஆக்ஸிஜன் பிளாஸ்மாவில் சுத்தம் செய்து, டேப்பை ஒட்டி 100 டிகிரியில் ஓரிரு நிமிடம் சூடாக்கி, ஆறவிட்டு உரித்தால் பெரிய செதில்கள் கிடைக்கும். டங்ஸ்டன் டைசெலினைடின் ஒற்றைப் படலத்தை ஒளிர்வால் உறுதிப்படுத்துங்கள்: அறை வெப்பநிலையில் 1.65 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி, அதாவது சுமார் 750 நானோமீட்டரில் பளிச்சென்று ஒற்றை உச்சம் வர வேண்டும். இரட்டைப் படலம் என்றால் ஒளி மங்கி, சிவப்பு பக்கம் நகர்ந்திருக்கும். போரான் நைட்ரைடு 20 முதல் 40 நானோமீட்டர் தடிமன் போதும். உலகத்தின் பெரும்பாலான ஆய்வகங்களுக்கு இதன் நல்ல படிகங்கள் ஜப்பானின் சுகுபா நகரில் வத்தனாபே, தனிகுச்சி இருவரிடமிருந்துதான் போகின்றன.

உரித்த டைசெலினைடை நாட்கணக்கில் காற்றில் வைத்திருக்காதீர்கள். குளவ் பாக்ஸ் இருந்தால் அதற்குள், இல்லையென்றால் உரித்த அன்றே அடுக்கிவிடுங்கள்.

படி 5: அடுக்குவது

கண்ணாடித் தகட்டின் மேல் பி.டி.எம்.எஸ். (சிலிகோன் ரப்பர்) குமிழ், அதன் மேல் பாலிகார்பனேட் படலம். எடுக்கும் வரிசை: மேல் போரான் நைட்ரைடு, டங்ஸ்டன் டைசெலினைடு, கிராஃபீன், கடைசியில் அடி போரான் நைட்ரைடு. இந்த வரிசையில் கிராஃபீனும் டைசெலினைடும் தொடும் முகங்களில் பாலிமர் படுவதே இல்லை. அதுதான் முக்கியம். முதல் போரான் நைட்ரைடு செதிலை மட்டும்தான் பாலிமர் தொடுகிறது. மற்றதையெல்லாம் செதில்களே ஒன்றையொன்று தூக்குகின்றன.

எடுக்கும் வெப்பநிலை 80 முதல் 120 டிகிரிக்குள் உங்கள் பாலிமருக்கு ஏற்ப அமையும். வேகம்தான் உயிர்நாடி. செல்போனுக்கு ஸ்கிரீன் கார்டு ஒட்டுவது போல ஒரு ஓரத்தில் தொட்டு, தொடு கோடு செதிலின் மேல் மெதுவாக ஊர்ந்துபோக விட வேண்டும். கோடு கிராஃபீன் விளிம்பை எட்டும்போது மோட்டாரை நிறுத்திவிட்டு, மேடையின் வெப்பத்தை மட்டும் ஓரிரு டிகிரி ஏற்றுங்கள். பாலிமர் விரிவடைந்து கோடு தானாக நகரும், கையால் நகர்த்துவதைவிட எவ்வளவோ சீராக. இடையில் மாட்டிய ஹைட்ரோகார்பன் அழுக்கு கோட்டுக்கு முன்னால் தள்ளப்பட்டு வெளியேறுவதை நுண்ணோக்கியிலேயே பார்க்கலாம்.

கடைசியில் 180 டிகிரிக்கு ஏற்றினால் பாலிகார்பனேட் உருகி அடுக்கை விட்டுவிடும். மிஞ்சிய பாலிமரைக் குளோரோஃபார்மில் கரையுங்கள், ஃபியூம் ஹூடுக்குள் மட்டும்.

வடிவமைப்பில் ஒரு விஷயத்தை விட்டுவிடாதீர்கள். டைசெலினைடு கிராஃபீனின் பாதியை மட்டும் மூடட்டும். மறுபாதி வெறும் போரான் நைட்ரைடுக்கு நடுவில் இருக்கட்டும். பிறகு நீங்கள் காணும் எந்த விளைவுக்கும், 'இது டைசெலினைடால்தான் வந்ததா?' என்று யாராவது கேட்டால், அதே கிராஃபீனின் மறுபாதியைக் காட்டலாம். வேறொரு சாதனத்தை ஒப்பீட்டுக்குக் காட்டினால் நான் பாதிதான் நம்புவேன்.

படி 6: ஒட்டியதா என்று பார்ப்பது

வேகமான சோதனை ஒளிர்வு. கிராஃபீனோடு சுத்தமாக ஒட்டிய ஒற்றைப் படல டைசெலினைடின் ஒளிர்வு பெருமளவு அணைந்துவிடும். கிளர்ந்த ஆற்றல் கிராஃபீனுக்குள் ஓடிவிடுவதுதான் காரணம். மேப் எடுத்துப் பாருங்கள். எங்கே இன்னும் பிரகாசமாக இருக்கிறதோ அங்கே இடையில் குமிழ் இருக்கிறது. பிறகு அணுவிசை நுண்ணோக்கியில் குமிழ்களைக் குறித்துக்கொண்டு, அவை இல்லாத இடத்தில் ஹால் பாரை (பக்கவாட்டு மின்முனைகள் கொண்ட அளவீட்டுப் பட்டையை) வரையுங்கள். சாதனம் சின்னதாக ஆனாலும் பரவாயில்லை.

ஹைட்ரஜனும் மந்த வாயுவும் சேர்ந்த கலவை வாயுவில் 300 டிகிரி வரை சூடாக்குவது சிலர் வழக்கம். குமிழ்கள் ஒன்றுசேர்ந்து பெரிதாகி, நடுவில் சுத்தமான இடம் விரியும். ஆனால் திருகு கோணமும் நகரலாம், முக்கியமாகச் செதில்கள் 0 டிகிரியை ஒட்டியிருந்தால். கோணம் முக்கியம் என்றால் வெப்பத்தை அடக்கியே வையுங்கள்.

படி 7: மின் இணைப்புகள்

எலக்ட்ரான் கற்றை லித்தோகிராஃபி, ஃபுளோரோஃபார்மும் ஆக்ஸிஜனும் கலந்த பிளாஸ்மாவில் அரிப்பு, வெளிப்பட்ட கிராஃபீன் விளிம்பில் குரோமியம்-தங்கம். கொலம்பியா பல்கலைக்கழகக் குழு 2013-இல் காட்டிய இந்த விளிம்பு இணைப்பு முறை போதும். அடி கேட்டாக சிலிக்கனுக்குப் பதில் கிராஃபைட் செதிலைப் போட்டால் மின்னூட்டச் சீரின்மை குறையும். ஸ்பின்னை நேரடியாகச் செலுத்தும் சாதனம் என்றால் கோபால்ட் மின்முனைகளும் அவற்றுக்கு அடியில் டைட்டானியம் ஆக்சைடு போன்ற மெல்லிய தடுப்புப் படலமும் வேண்டும். இவை டைசெலினைடு மூடாத பகுதியில்தான் இருக்க வேண்டும்.

படி 8: அளப்பது

முதலில் சாதாரண வேலை: கேட் மின்னழுத்தத்தோடு மின்தடை, ஹால் அளவீடு, இயங்குதிறன் (மின்புலத்தில் எலக்ட்ரான் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்பது). இரண்டு பக்கமும் மின்தடை ஒழுங்காக இறங்குகிறதா, டைசெலினைடு இடையில் கடத்தத் தொடங்கவில்லையா என்று பாருங்கள். இது சரியென்றால் கீழே உள்ள மூன்றில் உங்கள் சாதனத்துக்குப் பொருந்துவதை எடுங்கள். முடிந்தால் இரண்டு.

*வீக் ஆன்டி-லோக்கலைசேஷன்.* குறைந்த வெப்பநிலையில் எலக்ட்ரான் அலைகள் தங்களோடு தாங்களே குறுக்கிட்டுக்கொள்ளும். சாதாரண கிராஃபீனில், பள்ளத்தாக்குகளுக்கு இடையே போதிய சிதறல் இருந்தால், காந்தப்புலம் பூஜ்யமாகும் இடத்தில் கடத்துதிறன் சற்றுக் குழிவிழும். ஸ்பின்-ஆர்பிட் பிணைப்பு வந்ததும் அந்தக் குழி கூர்மையான உச்சமாகப் புரண்டுவிடும். 2015-இல் ஜெனீவா குழு டங்ஸ்டன் டைசல்ஃபைடு மேல் வைத்த கிராஃபீனில் இதைத் தெளிவாகக் காட்டியது. 2 கெல்வினை ஒட்டி, சில மில்லி டெஸ்லா அகலத்தில் தேடுங்கள். கேட் மின்னழுத்தத்தைச் சிறு ஜன்னலில் ஓட்டிச் சராசரி எடுக்காவிட்டால் ஏற்ற இறக்க இரைச்சலில் உச்சம் மூழ்கிவிடும்.

கிடைத்த வளைவை மெக்கேன், ஃபால்கோ 2012-இல் கொடுத்த சூத்திரத்தோடு பொருத்தினால் இரண்டு காலங்கள் வெளிவரும். மேல்-கீழ் சமச்சீரற்ற பிணைப்புக்கு ஒன்று, அதாவது ராஷ்பாவுக்கு. சமச்சீரானதற்கு இன்னொன்று, அதில் ஸீமன் வகை அடங்கும். 2018-இல் பாசல் குழு டங்ஸ்டன் டைசெலினைடு சாதனங்களில் இவை இரண்டும் வெகுவாக விலகியிருப்பதைக் காட்டியது.

இரண்டு எச்சரிக்கைகள். வெறும் கிராஃபீனிலேயே, பள்ளத்தாக்குச் சிதறல் குறைவாக இருந்தால், ஸ்பின்னுக்குச் சம்பந்தமில்லாத ஆன்டி-லோக்கலைசேஷன் வரும். அந்த மூடாத பாதி இங்கேதான் கைகொடுக்கும். இன்னொன்று கொஞ்சம் வேடிக்கையானது: சாதனம் மிகச் சுத்தமாகிவிட்டால், எலக்ட்ரான் சிதறாமலே ஓடி, இந்த முறைக்கான சூத்திரம் பொருந்தாமல் போகும். இந்த அளவீட்டுக்கு நடுத்தரமான சாதனம்தான் நல்லது.

*ஷுப்னிகோவ்-டி ஹாஸ் துடிப்பு.* சுத்தமான சாதனம் கிடைத்தவர்களுக்கு இதுதான் வழி. காந்தப்புலத்தை ஏற்றும்போது மின்தடை ஏறி இறங்குவதைத்தான் இங்கே பார்க்கிறோம். பிணைப்பு இருந்தால் ஸ்பின்னுக்கு ஏற்ப ஃபெர்மி வட்டம் (எலக்ட்ரான்கள் நிரம்பிய பகுதியின் எல்லை) இரண்டாகப் பிளக்கும். மின்தடை அலைவில் இரண்டு அதிர்வெண்கள் கலந்து, விட்டுவிட்டுத் துடிக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அவீக் பித் குழுவினர் அதிக இயங்குதிறன் கொண்ட கிராஃபீன்-டங்ஸ்டன் டைசெலினைடில் இந்த ஸ்பின் பிளவை நேரடியாக அளந்து 2022-இல் வெளியிட்டார்கள்.

உங்கள் சாதனத்தில் தெரியுமா என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் கோடி எலக்ட்ரான் அடர்த்தி என்று வையுங்கள். ஃபெர்மி ஆற்றல் சுமார் 117 மில்லி எலக்ட்ரான் வோல்ட், அலைவின் அதிர்வெண் 10.3 டெஸ்லா. மொத்தப் பிளவு 2 மில்லி எலக்ட்ரான் வோல்ட் என்றால் அதிர்வெண்கள் இரண்டும் சுமார் 0.35 டெஸ்லா விலகும். அலைவு அடங்கும் முதல் கணு 0.7 டெஸ்லாவில், அடுத்தது 0.24-இல். இரண்டு கணுவையாவது பார்த்தால்தான் பிளவை நம்பிச் சொல்லலாம். அதற்கு 0.24 டெஸ்லாவிலும் அலைவு உயிரோடு இருக்க வேண்டும். அப்படியென்றால் இயங்குதிறன் 40,000 சதுர சென்டிமீட்டர்/வோல்ட்-வினாடியைத் தாண்டியிருக்க வேண்டும். அது இல்லாத சாதனத்தில் இரவு முழுக்க காந்தத்தை ஓட்டிப் பயனில்லை.

*ஸ்பின் ஆயுளின் திசை வேறுபாடு.* எனக்கு மிகவும் பிடித்தது இது. கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் அளவீடு. தளத்துக்குள் கிடக்கும் ஸ்பின் எவ்வளவு காலம் வாழ்கிறது, நிமிர்ந்து நிற்கும் ஸ்பின் எவ்வளவு காலம் வாழ்கிறது என்று தனித்தனியே அளப்பது. ராஷ்பா மட்டும் இருந்தால் நிமிர்ந்த ஸ்பின்தான் சீக்கிரம் சாகும். அதன் ஆயுள் கிடந்த ஸ்பின்னில் பாதி. ஸீமன் வகை வந்தால் கதை தலைகீழ். அதன் காந்தப்புலம் நிமிர்ந்தே இருப்பதால் நிமிர்ந்த ஸ்பின்னை அது ஒன்றும் செய்யாது. கிடந்த ஸ்பின்னை ஒவ்வொரு பள்ளத்தாக்கு மாற்றத்திலும் மாறி மாறிச் சுழற்றிக் குழப்பிவிடும்.

2017-இல் கம்மிங்ஸ், கார்சியா, ஃபாபியன், ரோஷ் ஆகியோர் கொடுத்த கணக்கு எளியது. ஸீமன் வலுவை ராஷ்பா வலுவால் வகுத்து வர்க்கம் எடுங்கள். பள்ளத்தாக்கு மாறும் காலத்தை உந்தச் சிதறல் காலத்தால் வகுத்து, அதோடு பெருக்குங்கள். அரை கூட்டுங்கள். டங்ஸ்டன் டைசெலினைடுக்கு 1.2-உம் 0.56-உம் போட்டு, காலங்களின் விகிதம் 5 என்று வைத்தால் 23-க்கு மேல் வருகிறது. அதே ஆண்டில் குரோனிங்கன் குழு மாலிப்டினம் டைசெலினைடு ஒட்டிய கிராஃபீனில் நிமிர்ந்த ஸ்பின்னுக்கு 40 பிக்கோ வினாடி, கிடந்ததற்கு 3.5 என்று அளந்தது. அடுத்த ஆண்டு பார்சிலோனா குழு டங்ஸ்டன், மாலிப்டினம் டைசல்ஃபைடுகளில் அறை வெப்பநிலையிலேயே சுமார் 10 மடங்கைக் காட்டியது.

செய்முறையில், கோபால்ட் மின்முனை செலுத்தும் ஸ்பின் தளத்துக்குள் கிடக்கும். மின்னோட்டத் திசையில் காந்தப்புலம் கொடுத்தால் அது போகிற வழியில் சுழன்று நிமிரும். புலம் பூஜ்யமாக இருக்கும்போது சிக்னல் ஏறக்குறைய செத்துக்கிடக்கும். புலத்தைக் கொஞ்சம் ஏற்றியதும் ஸ்பின் நிமிர்ந்து பிழைத்துக்கொண்டு மறுமுனைக்கு வருவதால், சிக்னல் குறி மாறித் திடீரெனப் பெரிதாகும். அந்த வளைவைத் திரையில் பார்த்துவிட்டால் ஸீமன் வகை வந்திருக்கிறதா என்று வேறு யாரையும் கேட்க வேண்டாம். விகிதம் அரையை ஒட்டியே நின்றால் முதலில் கோணத்தைச் சந்தேகியுங்கள், 30 டிகிரியில் உட்கார்ந்திருக்கலாம்.

படி 9: பலன் போதாவிட்டால்

பிணைப்பு இடைவெளித் தூரத்தைப் பொறுத்து வேகமாக மாறும். அதனால் முதல் சந்தேகம் எப்போதும் இடைமுக அழுக்கின் மேல்தான். தொடு முனை அணுவிசை நுண்ணோக்கியால் அடுக்கின் மேலே தேய்த்துக் குமிழை ஓரத்துக்குத் தள்ளலாம். அழுத்தமும் உதவும்: 2021-இல் புடாபெஸ்ட், பாசல் குழுக்கள் கிராஃபீன்-டங்ஸ்டன் டைசெலினைடு அடுக்கை 1.8 கிகா பாஸ்கல் வரை நெருக்கி, பிணைப்பு வலுப்பதை ஆன்டி-லோக்கலைசேஷனில் பார்த்தார்கள்.

படி 10: இரட்டைப் படலக் கிராஃபீனுக்குப் போவது

ஒற்றைப் படலத்தில் பிணைப்பு வந்ததோ இல்லையோ, அதைச் சாதனம் முடிந்தபின் அணைத்துப் போட முடியாது. இரட்டைப் படலத்தில் முடியும். டைசெலினைடு மேல் பக்கத்தில் மட்டும் இருந்தால் மேல் கிராஃபீன் படலம்தான் பிணைப்பை உணரும். மேல், அடி கேட்டுகளால் குறுக்கே மின்புலம் கொடுத்தால், கடத்தல் பட்டை எலக்ட்ரான்கள் ஒரு படலத்துக்கும் வேலன்ஸ் பட்டைத் துளைகள் மற்றொன்றுக்கும் ஒதுங்கும். புலத்தைத் திருப்பினால் இடம் மாறும். அதாவது கேட் மின்னழுத்தத்தாலேயே பிணைப்பைத் திறக்கலாம், மூடலாம். 2017-இல் கிமித்ராவும் ஃபாபியனும் இதைக் கணித்தார்கள். 2019-இல் சாண்டா பார்பரா குழு மின்தேக்க அளவீட்டில் பட்டைகள் புரள்வதைக் கண்டது, 2021-இல் பெங்களூரு குழு மின்புலத்தால் மாறும் ஸீமன் வகையைக் காட்டியது.

இன்னும் பெரிய பரிசும் அங்கே இருந்தது. வெறும் இரட்டைப் படலத்தில் 2022-இல் கண்டறிந்த மீகடத்துநிலைக்கு (மின்தடை அறவே இல்லாத நிலைக்கு) தளத்துக்கு இணையான காந்தப்புலம் தேவைப்பட்டது, அதுவும் 26 மில்லி கெல்வினில்தான் வந்தது. 2023-இல் கால்டெக் குழு டங்ஸ்டன் டைசெலினைடை ஒட்டியதும் காந்தப்புலம் இல்லாமலே 260 மில்லி கெல்வினில் வந்துவிட்டது.

இரட்டைப் படலச் சாதனம் கட்டும்போது அடுக்கும் வரிசை அதேதான். கூடுதலாக மேலே ஒரு கேட். அளவீட்டில் ஒரே அடர்த்தியை வைத்துக்கொண்டு மின்புலத்தின் குறியை மட்டும் மாற்றுங்கள். ஆன்டி-லோக்கலைசேஷன் உச்சம் ஒரு குறியில் வந்து மறுகுறியில் மறைந்தால் பிணைப்பு டைசெலினைடிலிருந்துதான் வந்திருக்கிறது. இங்கே மூடாத பாதியைத் தேடிப்போகக்கூட வேண்டியதில்லை.